பொருளாதாரம் மீண்டாச்சு, வேலை எங்கே? வட்டார வேலைச் சந்தை பற்றி ஓர் எளிய விளக்கம்

பொருளாதாரம் சரிவிலிருந்து மீண்டு வருகிறது என்று செய்தி வந்த பிறகும், வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு மாதக்கணக்கில், சில ஊர்களில் வருடக்கணக்கில்கூட, எந்த மாற்றமும் தெரியாமல் போவதுண்டு. அந்த நேரத்தில் செய்தி பொய் என்று சிலர் நினைப்பார்கள், நம்மிடம்தான் ஏதோ குறை என்று சிலர் மனம் உடைந்து போவார்கள். இரண்டுமே தேவையில்லாத முடிவு. பொருளாதாரம் மீள்வது ஒரு கணக்கு, வேலை திரும்புவது இன்னொரு கணக்கு, அந்த வேலை எந்த ஊருக்கு முதலில் வரும் என்பது மூன்றாவது கணக்கு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் செய்தியில் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் மீட்சி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மந்தநிலை முடிந்தது என்று அறிவித்தால், உற்பத்தி சரிவது நின்று ஏறத் தொடங்கிவிட்டது என்று மட்டும்தான் பொருள். பழைய உயரத்துக்கு வந்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. கிணற்றின் அடியைத் தொட்டுவிட்டு முதல் படியில் கால் வைத்த நாளே கணக்குப்படி மீட்சி தொடங்கிய நாள். அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய பெரிய மந்தநிலை 2009 ஜூன் மாதத்தோடு முடிந்ததாகக் கணக்கு. ஆனால் அங்கே வேலையின்மை விகிதம் 10 சதவீதம் என்ற உச்சத்தைத் தொட்டது அதே வருடம் அக்டோபரில், அதாவது மந்தநிலை முடிந்து நான்கு மாதம் கழித்து. மொத்த வேலைகளின் எண்ணிக்கை 2010 தொடக்கம் வரை குறைந்துகொண்டே போனது. சரிவுக்கு முன்பிருந்த எண்ணிக்கையை மறுபடி எட்ட 2014 மே மாதம் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஐந்து வருடம் மீட்சி என்ற பெயரிலேயே ஓடியிருக்கிறது.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவில் ஆர்டர் பாதியாகிவிட்டது. கொஞ்சம் பேரை அனுப்பிவிட்டார்கள், மிச்சம் இருப்பவர்களுக்கு வாரத்தில் நாலு நாள்தான் வேலை. இப்போது ஆர்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. முதலாளி உடனே ஆள் எடுப்பாரா? மாட்டார். இருப்பவர்களுக்கு முதலில் முழு வாரம் வேலை கொடுப்பார். அதுவும் போதவில்லையென்றால் ஓவர்டைம். அதற்கும் மேலே ஆர்டர் வந்தால் ஒப்பந்த ஆட்கள். இந்த ஆர்டர் நிலைக்கும், அடுத்த வருடமும் வரும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் நிரந்தர ஆள். ஆளை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்புவது செலவு, கெட்ட பெயர், சட்டச் சிக்கல் எல்லாம் சேர்ந்தது என்பதால் இந்த விஷயத்தில் எல்லா நிறுவனமும் ரொம்பத் தயங்கும். இந்த வரிசை உங்களுக்கு ஒரு நல்ல அளவுகோல். ஒரு வட்டாரத்தில் ஓவர்டைம் கூடுகிறது, ஒப்பந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்றால் அங்கே நிரந்தர வேலை இன்னும் வரவில்லை, ஆனால் வரும் பாதையில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு ஏற்பாடு ஜெர்மனியில் உண்டு, குர்ட்ஸ்ஆர்பைட் என்பார்கள். ஆர்டர் குறையும்போது ஆளை நீக்காமல் எல்லோருடைய வேலை நேரத்தையும் குறைத்துவிடுவார்கள், இழந்த சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஈடு செய்யும். 2009ல் ஜெர்மனியின் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தபோதும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. உச்சத்தில் 15 லட்சம் பேர் அளவுக்கு இந்தக் குறுகிய நேர வேலையில் இருந்தார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், இப்படிப்பட்ட இடத்தில் மீட்சி வரும்போது புதிதாக ஆள் எடுப்பது குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் பழைய ஆட்கள் எங்கேயும் போகவில்லை, அவர்களின் நேரம்தான் திரும்ப நீள்கிறது. புதிய வேலை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஜெர்மனி மந்தமாகத் தெரியும்.

ஊருக்கு ஊர் ஏன் வித்தியாசம்?

ஒரு வட்டாரம் எந்தத் தொழிலை நம்பி நிற்கிறது, அந்தச் சரிவு எதனால் வந்தது, இந்த இரண்டும் சேர்ந்துதான் பெரும்பாலும் பதில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் நெவாடா மாநிலமும் இதற்கு நல்ல உதாரணம். மிச்சிகன் கார் தொழில், நெவாடா சுற்றுலாவும் வீடு கட்டுமானமும். 2008க்குப் பிறகு இரண்டிலுமே வேலையின்மை அதன் மோசமான கட்டத்தில் 13, 14 சதவீதம் வரை போனது. ஆனால் மிச்சிகன் முதலில் மீளத் தொடங்கியது, நெவாடா பின்தங்கியது. காரணம் எளிது. கார் வாங்குவதை மக்கள் தள்ளிப்போட்டார்கள், கைவிடவில்லை. பழைய கார் எத்தனை வருடம்தான் ஓடும்? அமெரிக்காவில் 2007ல் 1.6 கோடியாக இருந்த வருடாந்திர வாகன விற்பனை 2009ல் ஒரு கோடியைச் சற்றே தாண்டி நின்றது, 2015ல் 1.7 கோடியைக் கடந்தது. அரசும் 2009ல் பெரிய கார் நிறுவனங்களைக் கைதூக்கிவிட்டது. வீடு அப்படியில்லை. தேவைக்கு மேல் கட்டித் தள்ளிவிட்டார்கள், அந்த வீடுகள் விற்றுத் தீர்ந்தால்தான் அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவார்கள். நெவாடாவின் கட்டுமான வேலைகளில் பாதிக்கு மேல் காணாமல் போயின, அவை திரும்ப வெகுகாலம் ஆனது.

சரி, அப்படியென்றால் நெவாடா எப்போதுமே மெதுவாகத்தான் மீளுமா? இல்லை. 2020ல் கோவிட் வந்தபோது நெவாடாவில் வேலையின்மை 30 சதவீதத்தை ஒட்டிப் போனது, 2009ஐ விட இரண்டு மடங்கு மோசம். ஆனால் இந்தத் தடவை ஹோட்டல்கள் மூடியது உத்தரவினால், வாடிக்கையாளர் இல்லாததால் அல்ல. ஊழியர்கள் பலரும் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், எந்த மேஜைக்கு, எந்த ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டே வருடத்தில் விகிதம் 6 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் 2008ல் இழந்த வேலைகள் திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆனது, 2020ல் இழந்தவை இரண்டரை வருடத்துக்குள் திரும்பின. ஆகவே ஒரு வட்டாரம் எவ்வளவு ஆழமாக விழுந்தது என்பதை வைத்து எவ்வளவு நாளில் எழும் என்று சொல்ல முடியாது. வேலை செய்த இடம் அப்படியே இருக்கிறதா, இல்லை இடமே போய்விட்டதா என்று கேளுங்கள், அதில்தான் விடை இருக்கிறது.

அரசு வேலைகளை நம்பியிருக்கும் ஊர்கள் இன்னொரு வகை. சரிவின் தொடக்கத்தில் இவை பத்திரமாகத் தெரியும், ஆனால் வரி வருவாய் குறைந்ததன் வலி ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் பட்ஜெட்டில் தெரியவரும், அப்போது மற்ற ஊர்கள் ஏறிக்கொண்டிருக்கையில் இங்கே ஆட்குறைப்பு நடக்கும். 2009க்குப் பிறகு அமெரிக்க மாநில, உள்ளாட்சி அமைப்புகளில் அப்படித்தான் லட்சக்கணக்கில் வேலைகள் குறைந்தன.

அப்புறம் ஒரு வேலை இன்னொரு வேலையை இழுத்துக்கொண்டு வரும் விஷயம் இருக்கிறது. ஓர் ஊரின் வேலைகளை இரண்டாகப் பிரிக்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு விற்று வெளியிலிருந்து பணம் கொண்டுவரும் வேலைகள் ஒரு பக்கம்: தொழிற்சாலை, மென்பொருள், சுரங்கம், சுற்றுலா மாதிரி. அந்தப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றும்போது பிழைக்கும் வேலைகள் இன்னொரு பக்கம்: முடி திருத்துபவர், பள்ளி ஆசிரியர், மெக்கானிக், ஹோட்டல் பரிமாறுபவர். என்ரிகோ மொரெட்டி என்ற பொருளாதாரப் பேராசிரியர் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, உயர் தொழில்நுட்பத் துறையில் ஒரு வேலை வந்தால் காலப்போக்கில் அதே நகரத்தில் மற்ற துறைகளில் ஐந்து வேலைகள் உருவாகின்றன என்று மதிப்பிட்டார். சாதாரண உற்பத்தித் துறையில் இந்தப் பெருக்கம் இதைவிட நிறையக் குறைவு. இது தலைகீழாகவும் நடக்கும் என்பதுதான் கவலைக்குரியது. ஒரு பெரிய ஆலை மூடினால் அந்த ஆலையின் வேலைகளோடு கணக்கு முடியாது. அதனால் மீட்சி காலத்தில் ஓர் ஊரில் நாலு புது ஹோட்டல் திறந்ததைப் பார்த்து மட்டும் சந்தோஷப்பட்டுவிட முடியாது, அந்த ஹோட்டலில் சாப்பிடுகிறவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

விகிதம் குறைந்தால் நல்லதுதானே?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வேலையின்மை விகிதம் என்பது வேலை இல்லாதவர்கள் எல்லோரையும் எண்ணுவதில்லை. வேலை செய்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் இருவரையும் கூட்டினால் வருவது உழைப்பாளர் தொகை. அந்தத் தொகையில் தேடுகிறவர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் விகிதம். தேடுவதை நிறுத்திவிட்டவர் இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஓர் ஊரில் 1,000 பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். 540 பேர் வேலையில், 60 பேர் தேடுகிறார்கள், மிச்சம் 400 பேர் படிப்பு, வீட்டுவேலை, முதுமை என்று தேடாதவர்கள். 600க்கு 60, விகிதம் 10 சதவீதம். ஒரு வருடம் போகிறது. தேடிக்கொண்டிருந்த 60 பேரில் 20 பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், 15 பேர் அலுத்துப்போய்த் தேடுவதையே விட்டுவிட்டார்கள். இப்போது தேடுகிறவர்கள் 25 பேர், வேலையில் அதே 540 பேர். 565க்கு 25 என்றால் 4.4 சதவீதம். விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, ஊரில் ஒரே ஒரு புதிய வேலைகூட வரவில்லை! இந்த எண்ணை வைத்து அந்த ஊர் மீண்டுவிட்டது என்று யாராவது சொன்னால் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று பாருங்கள்.

இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மொத்தப் பெரியவர்களில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற இன்னொரு விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மேலே சொன்ன ஊரில் அது 54 சதவீதத்திலிருந்து 55.1 ஆகியிருக்கும், அதுவும் 20 பேர் வெளியேறியதால் வந்த ஏற்றம்தான். ஆகவே வெறும் எண்ணிக்கையையும், அதாவது அந்த 540 அசைந்ததா இல்லையா என்பதையும், ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இது கற்பனை ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஒலிவியே பிளான்ஷார்ட், லாரன்ஸ் காட்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1992ல் வெளியிட்ட ஆய்வில், அடிபட்ட அமெரிக்க மாநிலங்களில் வேலையின்மை சில வருடங்களில் சாதாரண நிலைக்குத் திரும்புவதற்கு முக்கியக் காரணம் வேலைகள் திரும்பி வந்தது அல்ல, மக்கள் வெளியேறியதுதான் என்று காட்டினார்கள். பிறகு அந்த இடப்பெயர்ச்சியும் அமெரிக்காவில் குறைந்துகொண்டே வந்தது. ஐரோப்பாவில் மொழியும் எல்லையும் குறுக்கே நிற்பதால் அது முதலிலிருந்தே குறைவு. ஸ்பெயினில் 2013ல் நாட்டு அளவில் வேலையின்மை 26 சதவீதத்தைத் தொட்டபோது தெற்கே ஆண்டலூசியாவில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை, வடக்கே பாஸ்க் பகுதியில் நிலைமை அதில் பாதி அளவுதான். ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே சட்டம்.

வேலை இருக்கிற ஊருக்குப் போகவேண்டியதுதானே என்று சிலர் சுலபமாகக் கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. வீட்டுக் கடன் வாங்கியவர், வீட்டின் விலை கடன் தொகைக்கும் கீழே போய்விட்டால் விற்றுவிட்டு எப்படிக் கிளம்புவார்? 2009, 2010 வாக்கில் அமெரிக்க வீட்டுக் கடன்காரர்களில் நாலில் ஒருவர் அளவுக்கு அந்த நிலையில்தான் இருந்தார்கள். வயதான பெற்றோர், குழந்தையின் படிப்பு, வேறு மாநிலத்தில் செல்லாத தொழில் உரிமம், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு இங்கே வேலை இருப்பது, இதெல்லாம் சாக்கு அல்ல. போகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்களும் படித்தவர்களும். அவர்கள் போனதும் அந்த ஊரில் கடை நடத்தவும் வரி கட்டவும் தொழில் தொடங்கவும் ஆள் குறைகிறது, அடுத்த மீட்சி இன்னும் தள்ளிப்போகிறது.

வேலையின்மைப் படி போன்ற பாதுகாப்பு பெரிதாக இல்லாத நாடுகளில் இந்தக் கணக்கு இன்னும் வேறு மாதிரி இருக்கும். அங்கே சும்மா இருந்து வேலை தேட யாருக்கும் கட்டுப்படியாகாது, அதனால் நகரத்தில் வேலை போனவர் கிராமத்துக்குத் திரும்பிக் குடும்ப நிலத்தில் கை கொடுப்பார். கணக்கெடுப்பில் அவர் வேலையில் இருப்பவர். இந்தியாவில் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2018-19ல் 42.5 சதவீதம், 2020-21ல் 46.5 சதவீதம். பல ஆண்டுகளாக இறங்கிக்கொண்டிருந்த எண் அது. கோவிட் ஊரடங்கு முடிந்து தொழில்கள் திறந்த பிறகும் பழைய அளவுக்கு இறங்கவில்லை, 2023-24லும் 46 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஆகவே இப்படிப்பட்ட இடத்தில் வேலை இருக்கிறதா என்ற கேள்வியோடு என்ன வேலை, யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

எண்களைப் படிக்கும்போது இன்னும் சில விஷயங்கள். வளர்ச்சி சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள். ஒரு லட்சம் வேலைகள் இருந்த வட்டாரத்தில் 20 சதவீதம் போனால் மிச்சம் 80,000. அடுத்த வருடம் 20 சதவீத வளர்ச்சி என்று தலைப்புச் செய்தி வரும், ஆனால் 80,000ல் 20 சதவீதம் 16,000தான், மொத்தம் 96,000. விட்ட இடத்தைப் பிடிக்க 25 சதவீதம் ஏற வேண்டும். மிக வேகமாக வளரும் வட்டாரங்கள் என்று வரும் பட்டியல்களில் முதலிடத்தில் இருப்பது பல நேரம் மிக ஆழமாக விழுந்த வட்டாரமாக இருப்பது இதனால்தான். அதே போல, அறுவடைக்கும் பண்டிகைக்கும் விடுமுறைக்கும் வேலை கூடிக் குறைவது எங்கேயும் வழக்கம், ஆகவே போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

காலியிடங்களுக்கும் தேடுகிறவர்களுக்கும் உள்ள விகிதம் எனக்கு ரொம்ப உபயோகமாகப் படுகிறது. 2009 நடுவில் அமெரிக்காவில் ஒரு காலியிடத்துக்கு ஆறு பேருக்கு மேல் காத்திருந்தார்கள். 2022 தொடக்கத்தில் தலைகீழாக ஓர் ஆளுக்கு இரண்டு காலியிடங்கள். முதல் நிலையில் சம்பளத்தைப் பற்றிப் பேசவே முடியாது, இரண்டாவதில் தைரியமாகப் பேசலாம். மீட்சியில் சம்பளம் கடைசியாக ஏறுவதற்கும் காரணம் இதுதான்: வெளியே ஆறு பேர் நிற்கும்வரை உள்ளே இருப்பவருக்கு யாரும் கூட்டிக் கொடுக்க மாட்டார்கள். காலியிடமும் நிறைய, வேலையில்லாதவர்களும் நிறைய என்று ஒரே வட்டாரத்தில் இருந்தால், வந்திருக்கும் வேலைக்கும் இருக்கும் ஆட்களின் பயிற்சிக்கும் பொருந்தவில்லை என்று அர்த்தம். கட்டுமானத்தில் இருபது வருடம் இருந்தவரை மருத்துவமனைக் காலியிடம் நேரடியாகக் காப்பாற்றாது. பயிற்சி வேண்டும், அந்தக் காலத்துக்குக் குடும்பம் சாப்பிட வழி வேண்டும்.

இந்தக் காயம் எண்கள் சரியான பிறகும் ஆறுவதில்லை. 2015ல் அமெரிக்க வேலையின்மை 5 சதவீதத்தை எட்டி எல்லோரும் நிம்மதியானபோது, டேனி யாகன் என்ற பொருளாதார அறிஞர் 2007ல் மக்கள் எங்கே வசித்தார்கள் என்பதை வைத்து அவர்களைத் தொடர்ந்து பார்த்தார். அதிகம் அடிபட்ட வட்டாரங்களில் அப்போது வசித்தவர்கள், அதே வயதும் அதே மாதிரி வேலையும் உள்ள மற்றவர்களை விட, எட்டு வருடம் கழித்தும் வேலையில் இருப்பது குறைவாக இருந்தது. மீட்சி வந்துவிட்டது, உதவித் திட்டங்களை நிறுத்தலாம் என்று தேசியச் சராசரியைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இந்த மனிதர்களைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நீங்களே வேலைக்காக ஊர் மாறுவதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால் அமெரிக்காவின் நார்த் டகோட்டா மாநிலத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். நாடே 10 சதவீத வேலையின்மையில் தவித்தபோது அங்கே எண்ணெய் எடுக்கும் பகுதிகளில் ஆள் கிடைக்காமல் அலைந்தார்கள், மாநில அளவில் வேலையின்மை 4 சதவீத வாக்கில்தான் இருந்தது. நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் குவிந்தார்கள், வாடகை கண்டபடி ஏறியது, தங்க இடமில்லாமல் பலர் வண்டியிலேயே படுத்துத் தூங்கினார்கள். 2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனபோது அந்த வேலைகள் சரசரவென்று குறைந்தன. போனவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அந்த நாலைந்து வருடச் சம்பளத்தில் கடனை அடைத்தவர்கள் உண்டு. ஆனால் ஒரே பொருளின் விலையை நம்பி நிற்கும் ஊரில் அந்த உச்சத்தில் கடன் வாங்கி வீடு வாங்குவதும், வாடகைக்கு இருந்து சம்பாதிப்பதும் ஒன்றல்ல. போகும் முன் அந்த ஊரில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக மாதம் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள், விளம்பரங்களில் ஒப்பந்த வேலை எத்தனை, நிரந்தர வேலை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், ஒரே நிறுவனம் ஒரே வேலைக்கு மாதாமாதம் விளம்பரம் கொடுக்கிறதா என்றும் கவனியுங்கள், அப்படிக் கொடுத்தால் ஆட்கள் அங்கே நிலைப்பதில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். முடிந்தால் அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற ஒருவரிடம் போன வருடம் ஓவர்டைம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.